கிழக்குக் கட்டம்

கார்த்திகை பிறந்ததிலிருந்து எம். புதுப்பட்டியில் மழை விடவில்லை. கரிசல் மண் நடக்கிறவர்கள் காலில் இன்னொரு செருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டாசுக் கம்பெனிகள் ஒன்றும் திறக்கவில்லை. வெயில் இல்லாமல் வெடிமருந்து காயாது. ஆள் ஏற்றும் வேன்கள் ஊருக்கு வெளியே வேலிக்கருவை ஓரமாக வரிசையாக நின்றன.

வள்ளித்தாய் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. வீட்டின் நடுவில் பலகையைப் போட்டு உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். வெறும் தாளும் மைதாப் பசையும்தான். மருந்து கிடையாது என்பதால் வீட்டில் வைத்தே செய்யலாம். கம்பியில் தாளைச் சுற்றி, கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் குழாய் கழன்று விழும். முந்தாநாள் உருட்டியவையே காயாமல் சாக்கின் மேல் சொதசொதவென்று கிடந்தன. அவற்றின் மேலேயே புதிதாக உருட்டிப் போட்டாள். கை சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

புதன்கிழமை காலையில்தான் தூத்துக்குடியிலிருந்து போன் வந்திருந்தது. சிமெண்டும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி, செவ்வாய் இரவு வயர்லெஸ்ஸில் ஒரே ஒரு தடவை பேசியது. தண்ணீர் ஏறுகிறது, இறைக்கிற மோட்டார் இழுக்கவில்லை. அதற்கப்புறம் பேச்சு இல்லை. தோணியில் ஆறு பேர். ஆறாவது ஆள் பாண்டிராஜ், வள்ளித்தாயின் இளையவன். இருபத்திரண்டு வயது. சமையலும் எடுபிடி வேலையும். ஏறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அவனைக் கடலுக்கு அனுப்பியவன் மூத்தவன் முனியராஜ். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தான். போன வருஷம் ஏப்ரலில் அவன் மனைவி பானுப்பிரியா இறந்தாள். அவள் வேலை பார்த்த கம்பெனியின் பின்கொட்டகையில், கடைகளிலிருந்து திரும்பி வந்த பழைய சரக்கு ஏழு பெட்டி கிடந்தது. இன்றைக்கு அழிப்போம், நாளைக்கு அழிப்போம் என்று நாள் கடத்தினார்கள். அது வெடித்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு நிழல் தேடி அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த மூன்று பெண்களில் அவளும் ஒருத்தி. கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

அதற்கப்புறம் முனியராஜ் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஒருநாள் வள்ளித்தாய் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவன் இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். வேலையில் மட்டும் ஒரு பிடிவாதம் வந்தது. நாள் போன சரக்கு, திரும்பி வந்த சரக்கு எதுவானாலும் அவன் கம்பெனியில் ஒரு பொழுது தங்கக் கூடாது. வந்த அன்றைக்கே உடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாக வேண்டும். முதலாளி சிரித்தார். அவன் கேட்கவில்லை. தம்பி மருந்துப் பக்கமே வரக் கூடாது என்று தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தோணியில் ஏற்றிவிட்டான்.

புதன்கிழமை பகல் பத்து மணிக்கு இரண்டாவது போன் வந்தது.

"நான் அன்பரசன் பேசுறேன். கடலோரக் காவல்படை, சென்னை மண்டல ஆபீஸ்லேருந்து. பாண்டிராஜுக்கு நீங்க என்ன வேணும்?"

"அண்ணன்."

"எல்லார் வீட்டுலயும் கேக்குற கேள்விதான். பயப்படாம சொல்லுங்க. உயரம் என்ன இருப்பாரு?"

"அஞ்சடி அஞ்சு."

"எடை?"

"அம்பத்திரெண்டு கிலோ."

"அம்பத்திரெண்டா?" என்றாள் வள்ளித்தாய் பலகையிலிருந்து. "போன தடவை வந்தப்ப எலும்புந் தோலுமால்ல நின்னான்."

"நீச்சல் தெரியுமா?"

வாசல் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அப்பா சின்னச்சாமி எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். "தெரியும் சார். கெணத்துல அடிப்பான். எட்டு வயசுலயே மோட்டார் ரூம்பு மேல ஏறிக் குதிப்பான்."

"நல்லதுங்கய்யா. ஒரு ஆளு தண்ணியில எவ்வளவு நேரம் தாங்குவாங்கன்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்குத்தான் கேட்டேன். அந்த நேரத்துக்கு மேலயும் தேடுவோம். கப்பல் ஒண்ணு போயிருக்கு. விமானம் காலையிலேயே கெளம்பிருச்சு. மேகம் கீழ எறங்கிக் கிடக்கு, அதான் தொல்லை. அந்த வழியா போற சரக்குக் கப்பலுங்களுக்கும் சொல்லியிருக்கோம்."

போனை வைத்ததும் பக்கத்து வீட்டு ராக்காயி உள்ளே வந்தாள். வள்ளித்தாய்க்கு நாத்தனார் முறை. ஒரு தூக்குச்சட்டியில் வரக்காப்பி கொண்டுவந்திருந்தாள். இந்த வீட்டில் காலையிலிருந்து அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"குடி மதினி. கெணத்துல நீந்துனவன் கடல்ல நீந்த மாட்டானா. கடல்ல உப்புத் தண்ணி ஆளைத் தூக்கிக் குடுக்குமாம்ல."

"நீ எங்கன கடலைக் கண்ட?"

"திருச்செந்தூர்ல கண்டேன். காலை நனைக்கங்குள்ள சீலையைப் புடிச்சு இழுத்துட்டு. எங்க வீட்டு ஆளைவிட மோசம்."

வள்ளித்தாயின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அது ஆறிப்போய் மேலே ஈ விழுகிற வரை அங்கேயே இருந்தது.

வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு அன்பரசன் மறுபடி கூப்பிட்டான். முனியராஜ் ஸ்பீக்கரில் போட்டான். வள்ளித்தாய் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் ஒண்ணும் கெடைக்கல. நேத்து முழுக்கத் தேடுன எடத்தை இப்ப ரெண்டு கட்டமா பிரிச்சிருக்கோம். கிழக்குக் கட்டம், மேற்குக் கட்டம்னு. கிழக்குக் கட்டத்துல நேத்து ராத்திரி ஒரு பெரிய சரக்குக் கப்பல் மெதுவாப் போயிருக்கு. நாங்க கேட்டுக்கிட்டதால நாலு பேரை மேல நிறுத்திப் பாத்துக்கிட்டே போயிருக்காங்க. ஒரு வெளிச்சமும் தெரியலைங்கிறாங்க."

"வெளிச்சம்னா என்ன சார்?" என்றார் சின்னச்சாமி.

"ஃபிளேர்னு ஒண்ணு இருக்கும்யா. கையில புடிச்சுக் கொளுத்துற செவப்பு மத்தாப்பு. ஆபத்துன்னா காட்டுறது. தோணியில ஆறு இருந்துச்சுன்னு ஓனர் சொல்றாரு. அவ்வளவு பெரிய கப்பல் லைட்டைப் போட்டுக்கிட்டுப் பக்கத்துல போறப்ப ஆள் இருந்தா கொளுத்தாம இருக்க மாட்டாங்க. அதனால கிழக்குல ஆள் இல்லைன்னு முடிவு பண்ணி, கப்பலையும் விமானத்தையும் மேற்குப் பக்கம் அனுப்பியிருக்கோம். காத்தும் அந்தப் பக்கம்தான் தள்ளுது."

முனியராஜ் போனைப் பிடித்தபடி இருந்தான்.

"உங்களுக்குத் தெரிஞ்சு வேற ஏதாவது இருக்கா? தம்பி கடைசியாப் பேசினப்ப எதாவது சொன்னாரா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

அம்மாவின் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. மைதாப் பசை வாடை.

"இல்ல சார்," என்றான்.

அது பொய். அன்றைக்குப் பத்து நாளைக்கு முன்னால் தோணி துறைமுகத்தில் நின்றபோது பாண்டிராஜ் வீடியோவில் கூப்பிட்டிருந்தான். இஞ்சின் ரூமைக் கழுவிக்கொண்டிருந்தான். இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஆறு குழல்கள்.

"அண்ணே, இதப் பாரு. நம்ம சரக்கு மாதிரியே இருக்குல்ல?"

"கிட்டக் காட்டு. தேதி என்ன போட்டிருக்கு?"

தேதி முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழலின் அடியில் உப்புப் பூத்திருந்தது.

"நாள் போன சரக்கை இஞ்சின் சூட்டுலயா வச்சிருக்காக? ஏலே, ராத்திரி நீ படுக்கது எங்கன?"

"இதுக்கு மேலதான் பலகை."

"மூடியைத் திருகி மருந்தைத் தண்ணி வாளியில கொட்டு. ஒண்ணு விடாத. ஊறினதும் கடல்ல தள்ளு."

"தண்டல்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டுமா?" தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர்.

"அவரு நாளைக்குப் பாப்போம்பாரு. உங்க மதினி கம்பெனியிலயும் அதத்தான் சொன்னாக. மொதல்ல கொட்டு."

அரை மணி நேரத்தில் ஒரு படம் வந்தது. வாளியில் சாம்பல் நிறச் சேறு. பக்கத்தில் ஆறு காலிக் குழல்கள். கீழே, 'முடிஞ்சிட்டுண்ணே' என்று எழுதியிருந்தான். அன்றிரவு முனியராஜ் ஒன்றரை வருஷத்துக்கப்புறம் முழிப்புத் தட்டாமல் தூங்கினான்.

தேதி முடிந்த ஃபிளேர் பெரும்பாலும் எரியும். அது அவனுக்குத் தெரியாததில்லை. பட்டாசும் அப்படித்தான். எரியும் என்பதால்தானே அழிக்கிறோம். நடுக்கடலில் அந்த ஆறு குழல்களும் எதற்கு இருக்கின்றன என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. அவனுக்கு அவை பானுப்பிரியா உட்கார்ந்திருந்த கொட்டகைச் சுவர் ஓரம் கிடந்த சரக்காகவே தெரிந்தன.

போன் அணைந்தபின் வள்ளித்தாய் பலகைக்குத் திரும்பினாள். பேசிக்கொண்டே உருட்டினாள். காலையிலிருந்து அவள் பேசியது அப்போதுதான்.

"அந்தப் பக்கம் இருந்தா கொளுத்தியிருப்பானாம்லா. சரியாத்தான் சொல்லுதாக. மருந்துக்குள்ளயே பெறந்தவன். நம்ம பயலுக்கா கொளுத்தத் தெரியாது? அப்ப மேற்கதான் கெடக்கான். கப்பலு அங்கனதான போயிருக்கு."

"ஆமா," என்றார் சின்னச்சாமி. குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நேற்றிலிருந்து அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறார். சிவகாசி பஸ் ஒவ்வொன்றும் வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களைப் பார்ப்பார். கடலில் போனவனை அங்கே ஏன் பார்க்கிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மதியம் ராக்காயி சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். "பட்டினி கெடந்தா அவன் கரையேறிருவானா? ஏ மருமகனே, நீயாவது உங்காத்தாளுக்குச் சொல்லு. வாயில என்ன பூட்டா போட்டுருக்கு?"

"சாப்பிடும்மா," என்றான் முனியராஜ். வள்ளித்தாய் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள்: "மேற்க இருக்கான். அதான் கொளுத்தல."

அவன் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கிழக்குக் கட்டம் என்று அவர்கள் சொன்ன இடம் எப்படி இருக்கும் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டம் போட்ட நோட்டுத் தாள் ஒன்றுதான் கண்ணில் வந்தது. அம்மாவுக்கு முன்னால் சொல்ல முடியாது. வெளியே போய்ச் சொல்லலாம். எழுந்தால் எங்கே போகிறாய் என்பாள். மேற்கிலேயே இருந்துவிட்டால்? விமானம் இந்நேரம் பார்த்திருந்தால்? பார்த்தாகிவிட்டது என்று போன் வந்துவிட்டால் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. போன் வரவில்லை.

நாலு மணிக்கு வள்ளித்தாய் அதே வாக்கியத்தை ராக்காயியிடம் சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். ஊர் எல்லையில் ஒரு வேனின் மறைவில் நின்று அன்பரசனைக் கூப்பிட்டான்.

"கிழக்குக் கட்டத்தை விட்றாதீங்க சார்."

"ஏன்? என்ன விஷயம்?"

"தோணியில ஃபிளேர் கெடையாது."

"ஓனர் லிஸ்ட்ல ஆறு இருக்கே."

"இருந்துச்சு. தேதி போனது. நாந்தான் தண்ணியில கொட்டச் சொன்னேன். தம்பி கொட்டிட்டான். படம் இருக்கு."

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க."

அந்த அறையின் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் வேகமாகப் பேசினார்கள். நாற்காலி இழுபட்டது. இரண்டு மூன்று போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன. வேன் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் முதுகுக்குள் இறங்கியது. அவன் நகரவில்லை.

"படத்தை அனுப்புங்க," என்றான் அன்பரசன். "கப்பலைக் கிழக்கே திருப்பச் சொல்லிட்டாங்க. ஆனா ராத்திரியில போய்த்தான் சேரும். விமானம் எண்ணெய் தீந்து திரும்பிக்கிட்டிருக்கு. மறுபடி ஏறினா இருட்டிரும். விடிஞ்சதும் முதல் வேலையா அதான்." கொஞ்சம் நிறுத்தினான். "பதினொரு மணிக்கு நான் கேட்டப்பவே..."

முனியராஜ் காத்திருந்தான்.

"சரி விடுங்க. இப்பவாவது சொன்னீங்க."

வீட்டுக்குத் திரும்பியபோது எங்கே போனாய் என்று வள்ளித்தாய் கேட்கவில்லை. தலையைத் துவட்டச் சொல்லித் துண்டை எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டு வானம் வெறித்திருந்தது. காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது.

"ஆளுங்க கெடைச்சிட்டாங்க," என்றான் அன்பரசன். "கிழக்குக் கட்டத்துலதான். தண்ணி டிரம்முகளைச் சேத்துக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அஞ்சு பேரு."

"அஞ்சா," என்றான் முனியராஜ்.

"பாண்டிராஜ் அதுல இல்ல. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். விமானம் அங்கேயேதான் சுத்துது. மத்தவங்களை ஹெலிகாப்டர்ல தூத்துக்குடிக்கு ஏத்திவிட்டிருக்கோம்."

வள்ளித்தாய் அழவில்லை. ஐந்து பேர் கிடைத்தால் ஆறாவது ஆள் பக்கத்தில்தானே இருப்பான் என்றாள். சின்னச்சாமி முதல் பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றுவிட்டுப் போனார்கள். வெயில் வந்ததால் கம்பெனிகளைத் திறந்துவிட்டார்கள். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் உறுமிக்கொண்டு கிளம்பின. வள்ளித்தாய் ஈரக் குழாய்களை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் வெயிலில் பரப்பினாள்.

மூன்றரை மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தோணியின் தண்டல், மிக்கேல். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு யாருடைய போனிலோ பேசினார். தொண்டை உப்பில் வெந்து கரகரத்தது. ஸ்பீக்கரைப் போடச் சொல்லி வள்ளித்தாய் சைகை காட்டினாள். ராக்காயி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணனாய்யா? ஒம் தம்பியைக் கொண்டு வர முடியலய்யா. நேத்துப் பொழுது சாயுற நேரம் வரைக்கும் எங்ககூடதான் கெடந்தான்."

"நேத்தா?" என்றான் முனியராஜ்.

"நேத்துதான். வெளிச்சம் மங்கிக்கிட்டு வந்துச்சு. திரும்பிப் பாத்தா கயத்துல கை இல்ல." அவர் இருமினார். "அதுக்கு மொத நாள் ராத்திரி பெரிய கப்பலொண்ணு கூப்பிடு தூரத்துல போச்சுய்யா. கத்துனோம். டார்ச்சு நனைஞ்சு போச்சு. பெட்டியில இருந்த ஃபிளேர் எங்கலேன்னு கேட்டேன். அப்பந்தான் சொல்லுதான், நாந்தான் கொட்டிட்டேன் தண்டல், பழசுன்னு பயந்து கொட்டிட்டேன்னு. எங்க பயலுவ அவனை அடிக்கப் போனானுவ. நான் விடல."

"கிறுக்குப் பய," என்று ராக்காயி முனகினாள். "நடுக்கடல்ல எவனாவது அதைக் கொட்டுவானா."

"டிரம்முக்கு மேல ரெண்டு பேருதான் உக்கார முடியும். மத்தவன் கயத்தைப் புடிச்சுத் தண்ணியில கெடக்கணும். முறை போட்டு ஏறினோம். அந்தப் பேச்சுக்கப்புறம் அவன் ஏறவே இல்ல. அவன் முறை வந்தா அடுத்தவனை ஏத்திவிடுவான். ஏறுலேன்னு அதட்டினேன். எனக்குக் குளிரல தண்டல்னான். நல்ல பயய்யா. அவன் செஞ்ச தப்புக்கு அவன் மேல கோவமில்லன்னு சொல்லத்தான் போன் போட்டேன்."

"அது அவன் தப்பு இல்ல," என்றான் முனியராஜ். "நான் கொட்டச் சொன்னேன். உங்களைக் கேக்கணும்னு சொன்னான். கேக்க வேண்டாம்னேன்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ நடந்து போகும் ஓசை மட்டும் வந்தது.

"ஒம் பேரை எடுக்கவே இல்லியேய்யா அவன்," என்றார் தண்டல். பிறகு போன் அணைந்தது.

ராக்காயி எழுந்து சீலையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். வள்ளித்தாய் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் தாள் சுற்றிய கம்பி.

"கெழக்க தேடச் சொன்னது நீதானா?"

"ஆமா."

"எப்பம்?"

"நேத்து நாலு மணிக்கு."

"அந்த சார் மொதல்ல எப்பக் கேட்டாரு?"

"பதினொண்ணே காலுக்கு."

அவள் கம்பியிலிருந்து குழாயை உருவினாள். பசை போதாமல் அது கையிலேயே பிரிந்தது.

"நான் ஒன்னை ஒட்டி உக்காந்திருந்தேன் அப்ப."

"ஆமா."

"நான் அங்கன இல்லாட்டிச் சொல்லியிருப்ப."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மருமகள் போன நாளிலிருந்து அந்த முகத்தில் எதுவும் தெரியாது. இப்போதும் தெரியவில்லை. வெளியே முறத்தில் காய்ந்த குழாய்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசின.

மறுபடி போன் அடித்தது. அன்பரசன்தான். நாளை பொழுது சாயும்வரை கப்பல் அங்கேயே இருக்கும் என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு விவரம் வேணும். சங்கடமாத்தான் இருக்கு. தம்பி உடம்புல அடையாளம் ஏதாவது..."

முனியராஜ் வாயைத் திறந்தான். வள்ளித்தாய் பசைக் கையை நீட்டி அவன் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவுக அம்மா பேசுதேன் சார். இடது கைப் பெருவிரல்ல நகம் கெடையாது. ஒம்பது வயசுல திரி வைக்கப்ப போச்சு. எளுதிக்கிட்டீகளா?"

"எழுதிக்கிட்டேம்மா."

"வேற என்ன கேக்கணும்னாலும் இனி என்கிட்டக் கேளுங்க."